எள்ளளவு ஆரஞ்சு

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறேன், அவ்வளவுதானே, இதுல என்ன—"

"தர மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன், இப்ப வெட்டக் கூடாதுன்னுதான்—"

"மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க. மழை நிக்கட்டும்னீங்க, நின்னுச்சு. புது வேர் விடட்டும்னீங்க—"

"வேர் இல்லாம வெட்டினா ரெண்டு பாதியும் போயிரும் கொமாத்ரே, உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறேன். முழுசையும் யாரு கேட்டா? நாலு தண்டு. நாலே நாலு. அது என் வீட்டுக்காரர் தொப்பியில வச்சு எடுத்தாந்த செடி, ஹில்மா. உங்க ஜன்னல்ல இருக்குங்கிறதால உங்க செடி ஆயிராது."

கோபம் வந்தால்தான் எதெல்மிரா என் பெயரைச் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் கொமாத்ரேதான். என் மகனின் ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள். அன்றிலிருந்து அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொமாத்ரே. அந்தப் பிள்ளை ஸ்பெயினுக்குப் போய்க் குடியுரிமை வாங்கி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் குரல் காட்டுகிறவனாக ஆகிவிட்டான். அவனை முன்னிட்டு வந்த உறவு மட்டும் எங்கள் மலையூரான லா செஹாவில் இரண்டு தெரு இடைவெளியில் முப்பத்தெட்டு வருஷமாக அப்படியே இருந்தது.

அன்று அவள் ருவானாப் போர்வையைக்கூடக் கழற்றவில்லை. கம்பளியில் தூறல் முத்து முத்தாக நின்றது. நான் பின்கட்டு ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் பலகையில் பதினேழு கண்ணாடி ஜாடிகள். அவள் தேடி வந்த செடி அவற்றில் எதிலும் இல்லை. மூன்று வருஷமாகவே இல்லை. அதைச் சொல்வதைவிட, தர மனமில்லாத கஞ்சப் பிசாசு என்று அவள் என்னை நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. பேராசைக்காரி என்ற பெயரோடு ஒருத்தி காலம் தள்ளிவிடலாம்.

எங்கள் ஊரில் பூ வளர்க்காத வீடு இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப்பூ பூக்கிற பெரிய ஆர்கிட்டை வாசல் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். நானும் எதெல்மிராவும் பிடித்துக்கொண்ட பைத்தியம் வேறு. எங்களுடையவை குட்டி ஆர்கிட்கள். செடியே கட்டைவிரல் உயரம்தான். பூ இலைக்கு முதுகுப் பக்கம், ஏதோ திருடிவிட்டு ஒளிந்த மாதிரி ஒட்டிக்கொண்டு பூக்கும். பார்க்க வேண்டுமானால் மூக்குக் கண்ணாடி போட்டு, அதற்குமேல் பூதக்கண்ணாடி பிடித்து, மூச்சை அடக்க வேண்டும். காப்பித்தூள் ஜாடி, ஊறுகாய் ஜாடி, ஒரு தடவை யாரோ எறிந்த மீன்தொட்டி, எல்லாவற்றிலும் பாசி பரப்பி வைத்திருந்தோம். குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத்தண்ணீர் பிடிக்க வேண்டும். ஓடில்லாத நத்தை வந்தால் மொட்டைத்தான் முதலில் தின்னும். அதற்குக் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைத்தால் குடித்துவிட்டு அதிலேயே செத்துக் கிடக்கும். "இந்த வீட்டுல நத்தைக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கில்ல. அதுக்கு ஊத்தி வைக்கிறா, எனக்குப் பூட்டி வைக்கிறா," என்பார் எஃப்ரேன். எதெல்மிராவின் கணவர். மலைப் பண்ணைகளிலிருந்து பால் ஏற்றி வருகிற லாரி ஓட்டினார்.

அந்தச் செடியைக் கொண்டுவந்தது அவர்தான். ஓர் அக்டோபர் மழையில் சோன்சோன் சாலையில் மண் சரிந்து, ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்துவிட்டது. வெட்டி அகற்றுகிறவரைக்கும் இரண்டு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள். இவர் விழுந்த மரத்தின் கிளைகளிலிருந்த பாசியை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த மனுஷன். ஈரப்பாசியோடு தொப்பிக்குள் வைத்து மூடி, அந்தக் குளிர் மழையில் வெறுந்தலையோடு, செடிக்குக் காற்று வேண்டுமென்று ஜன்னலைத் திறந்து ஓட்டிவந்து நாலு நாள் காய்ச்சலில் படுத்தார். அடுத்த வருஷம் அது பூத்தது. எள் அளவு. பழுத்த பப்பாளியின் உள்பக்கம் மாதிரி ஆரஞ்சு. நடுவில் ஊதா நிறத்தில் இரண்டு துளி, இறக்கை மடித்த மாதிரி. நாங்கள் மூன்று பேரும் ஒரே பூதக்கண்ணாடிக்கு அடித்துக்கொண்டதில் தலையோடு தலை முட்டிற்று.

"இதை வெளியில சொல்ல வேணாம்," என்றார் எஃப்ரேன். "எங்க கிடைச்சுதுன்னு கேப்பாங்க. சொன்னா அந்த மலையையே சாக்குல கட்டிட்டு வந்துருவாங்க." அதனால் அது எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. படம் எடுக்கிறேன் என்று தன் போனில் பத்துத் தடவை முயன்றார். பத்திலும் அவர் கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்தது. ஆக, அந்தப் பூவைக் கண்ணால் கண்டவர்கள் உலகத்தில் மூன்றே பேர்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அபூர்வச் செடியை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது. இரண்டாகப் பிரித்து, நம்பிக்கையான இன்னொரு வீட்டுக்குப் பாதியைக் கொடுக்க வேண்டும். அது பரிசு இல்லை, காவல். ஒரு வீட்டில் போய்விட்டால் மறு வீட்டில் கேட்கலாம். கேட்டால் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். எதெல்மிரா அடுப்புத் தீயில் பிளேடைச் சுட்டு, ஏழு தண்டை எண்ணி எனக்கு வெட்டிக் கொடுத்தாள். "என் பிள்ளையை நீங்க வச்சிருக்கீங்க, உங்க பிள்ளையை நான் ஏந்தினேன், சரியாப் போச்சு," என்றாள்.

மூன்று வருஷம் முன்பு ஒரு ஜனவரியில் எஃப்ரேன் இறந்தார். பால் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர், இறக்கிய கேன்மேலேயே உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஒன்பது நாள் அவர்கள் வீட்டில் ஜெபமாலை. நான் காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுவேன். நாற்பது பேருக்குக் காப்பி, வெல்லத்தண்ணீர், அரெபா என்கிற சோள ரொட்டி. அடுப்பைவிட்டு நகர முடியாது. வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். என் ஜன்னலில் ஜனவரி வெயில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும் நேராக விழும். அந்த நேரத்தில் திரையை இறக்கி, ஜாடி மூடியைத் திறந்து வைப்பது என் வழக்கம். அந்த நாட்களில் பகலில் ஆள் இல்லை, காய்ந்துவிடக் கூடாதே என்று மூடியை இறுக்கி மூடிவிட்டுப் போனேன். திரை ஞாபகம் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில்தான் பார்த்தேன். ஏழு தண்டும் நின்றபடியே இருந்தன. இலைகள் மட்டும் கண்ணாடி மாதிரி, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஆகியிருந்தன. மூடியைத் திறந்தால் வெந்த வெங்காய வாசனை.

அன்றும் பத்து மணிக்குப் போனேன். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கு ஒரு வாய் சூப்பு ஊட்டிக்கொண்டே, ஒன்பது நாள் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு, மாதப்பூசை முடியட்டும். பிறகு, வருஷம் திரும்பட்டும். நடுவில் ஒருநாள் அவளே, "எஃப்ரேனோட செடி எப்படி இருக்கு உங்ககிட்ட?" என்று கேட்டாள். "இருக்கு," என்றேன். ஒரு சொல். அதற்கப்புறம் அந்தச் சொல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. ரெண்டு இலை விட்டிருக்கு, இந்த வருஷம் பூக்கல, கொஞ்சம் சோர்ந்திருக்கு, தேறிடும். அவள் கேட்காத நாளில்கூட நானாகச் சொன்னேன்.

இந்த வருஷம் மார்ச் மாதம், எஃப்ரேன் போனதிலிருந்து பூக்காமலே இருந்த அவளுடைய பாதியும் போயிற்று. கறுப்பழுகல் விழுந்தால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும். போனில் அவள் அழவில்லை. "என் பாதி போயிருச்சு கொமாத்ரே. நல்லவேளை, உங்க பாதி இருக்கே," என்றாள்.

அது மட்டுமென்றால் நாளைக் கடத்தியிருப்பேன். அதே சமயத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மரிசெல் என்று ஒரு தாவரவியல் டாக்டரம்மா வீடு வீடாக வந்து, யார் ஜாடியில் என்ன குட்டி ஆர்கிட் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனாள். எதெல்மிரா அவளிடம் வாயைத் திறந்துவிட்டாள். சோன்சோன் சாலையை அகலப்படுத்தியதில் அந்தச் சரிவே இப்போது இல்லை. இனி யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும், என்ன ரகசியம் என்பது அவள் நியாயம். ஆரஞ்சு, நடுவில் ஊதா என்று கேட்டதும் டாக்டரம்மா புத்தகமெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று யாரும் எழுதி வைக்கவில்லை, பூவைக் கண்ணால் பார்த்தால் சொல்லலாம், புதிதாக இருந்தால் நீங்களே பெயர் வைக்கலாம் என்றாளாம்.

"லத்தீன்ல எஃப்ரேன்னு எப்படி எழுதுவாங்க, கொமாத்ரே?" அந்தக் கேள்வியோடுதான் அவள் முதல் தடவை கேட்டு வந்தாள். "மனுஷன் நாப்பது வருஷம் பால் வண்டி ஓட்டினாரு. கல்லறையில பேரைத் தவிர வேற எங்கயும் பேர் இல்ல."

சண்டை நடந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, என்னை யாருக்கும் தெரியாத பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் பஸ் ஏறிப் போனேன். குட்டி ஆர்கிட்களில் பாதிக்குமேல் பூ இல்லாதபோது பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. நகம் அளவு இலை, அடிப்பக்கம் ஊதாச் சாயம், அதே மெலிந்த தண்டு. ஒன்றைத் தேர்ந்து கொண்டுவந்து, பழைய ஜாடியில் பழைய பாசிமேல் உட்கார வைத்து ஒரு மாதம் பழக்கினேன். பிறகு எதெல்மிராவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் கண் எதிரில் பிளேடைத் தீயில் காட்டினேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நாலு தண்டை வெட்டினேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"இலை கொஞ்சம் அகலமா இருக்கோ?" என்றாள் ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து.

"எங்க வீட்டுக் கூரைத்தண்ணி வேற, உங்க வீட்டுக் கூரைத்தண்ணி வேற."

"அதுவும் சரிதான்." இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." மறுநாள் பாலாடைக்கட்டி ஒரு வட்டு செய்து அனுப்பினாள். அதை என்னால் தின்ன முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பூசணம் பிடிக்கும்வரை அலமாரியில் இருந்தது.

வெட்டி வைத்த தண்டு பூக்க ஒரு வருஷமாவது ஆகும், சமயத்தில் இரண்டு. அவளுக்கு எழுபத்தாறு, எனக்கு எழுபத்தொன்று. அதற்குள் என்று ஒரு யோசனை ஆரம்பிக்கும். அதை முடிக்காமல் எழுந்து போய் எதையாவது கழுவுவேன். ஆனால் எதெல்மிராவின் கை ராசி அப்படி; இரண்டே மாதத்தில் போன் வந்தது.

"மொட்டு."

"எது?"

"எதுன்னு கேக்கிறீங்களே. எஃப்ரேனோடதுதான். மூணாவது இலைக்குப் பின்னாடி, ஊசி முனை மாதிரி."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் போன். மொட்டு பெருத்திருக்கிறது. மொட்டுக்குக் குளிர்கிறது போலிருக்கிறது. நத்தை வராமல் நாலு கிண்ணம் வைத்திருக்கிறேன். மொட்டு என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நடுவில் ஒரே ஒரு நாள், நூபியா திரும்ப ஆரம்பித்துவிட்டாள் என்று சொன்னாள். நூபியா அவள் மகள். மெதெயின் நகரத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, தனியாக விடக் கூடாது, கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவள் பேச்சு.

"ஒரு தடவை பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு, கேஸ் வாசனை. அது யாருக்கும் நடக்கும். எனக்கா மறதி? பால்னா பொங்கும்கிறதை அவதான் மறந்துட்டா. டாக்டரம்மா வர்ற அன்னைக்கு அவளையும் வரச் சொல்லியிருக்கேன். பல வருஷம் முந்திப் பார்த்த பூவை இம்மி பிசகாம அம்மா சொன்னாங்களேன்னு தெரியட்டும்."

போனை வைத்துவிட்டு அன்று வெகுநேரம் ஜாடிகளின் முன்னால் நின்றேன். இப்போதே நடந்து போனால் ஏழு நிமிஷம். போய்ச் சொல்லிவிடலாம். செருப்பைக்கூட மாட்டினேன். தெருமுனை வரைக்கும் போய், ரொட்டிக்கடையில் எனக்கு வேண்டாத ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பூ ஒரு சனிக்கிழமை காலை விரிந்தது. டாக்டரம்மா மரிசெல் மதியம் வந்தாள். முப்பது வயதிருக்கும், சேறு படிந்த பூட்ஸைக் கேட்காமலே வாசலில் கழற்றிவைத்தாள். நூபியா நல்ல உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். எதெல்மிரா எஃப்ரேனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருந்தாள். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எதெல்மிராவுக்குக் கண்ணில் புரை. பூ ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

"இன்னும் நிறம் ஏறல," என்றாள் எல்லோருக்கும் முன்னால். "காலையில பார்த்தப்ப மஞ்சளாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள்ல ஏறிடும்."

டாக்டரம்மா மேஜைமேல் துணி விரித்து, சின்ன விளக்கைப் பொருத்தி, லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள். இலையை ஒரு ஈர்க்கால் மெல்லத் திருப்பினாள். ஒரு கன்று எங்கோ கத்தியது. நான் மேஜைத்துணியின் பின்னல் கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்கம்மா," என்றாள் நிமிர்ந்து. அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "இது நமக்குத் தெரிஞ்ச இனம்தான். இந்த மலையில நிறைய உண்டு. சந்தையில கூட வரும்."

"நிறம் ஏறட்டும், அப்பப் பாருங்க."

"இதோட நிறமே இதுதாம்மா. மஞ்சள்."

"இல்ல. ஆரஞ்சு. நடுவுல ஊதா, ரெண்டு இறக்கை மடிச்ச மாதிரி. ஒரு தடவையா பார்த்தேன், வருஷா வருஷம் பார்த்தேன். அவரும் பார்த்தாரு. இதோ, என் கொமாத்ரேயும் பார்த்தாங்க. சொல்லுங்க கொமாத்ரே, அவங்களுக்குச் சொல்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எதெல்மிராவின் முகத்தில் சந்தேகமே இல்லை. சாட்சி கூண்டில் ஏறிவிட்டது, இனித் தீர்ப்புதான் என்கிற தெம்பு. ஆரஞ்சு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இது என்ன செடி? எங்கிருந்து வந்தது? நல்ல உடுப்பும் பூட்ஸ் கழற்றிய காலுமாக இருந்த அந்தப் பெண்கள் முன்னால், அந்த இஸ்திரி போட்ட சட்டை முன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ரொம்ப வருஷம் ஆச்சே, கொமாத்ரே," என்றேன். "ஒரு மாதிரி மஞ்சளும் ஆரஞ்சுமா... எனக்கும் சரியா ஞாபகம் இல்ல. மஞ்சளாவும் இருந்திருக்கலாம்."

எதெல்மிரா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி ஜாடியைப் பார்த்தாள். நூபியா எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். மெதுவாக, மிக அன்பாக, காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுகிற மாதிரி. அந்தக் கையை மட்டும் இன்றைக்கும் என்னால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அதற்கப்புறம் ஆறு மணிக்குப் போன் வருவது நின்றது. வந்தால் சாயங்காலம் வரும். கேள்வியோடு வரும்.

"கொமாத்ரே, நம்ம பழைய சாமியார் பேரு ரிகோபெர்த்தோதானே?"

"ஆமா."

"அதான் நினைச்சேன். சும்மா சரிபார்த்துக்கிட்டேன்."

இன்னொரு நாள்: "எஃப்ரேன் பாடறப்ப ஒரு கண்ணை மூடிக்குவாரே. இடது கண்தானே?"

"இடதுதான்."

"நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு? இல்ல என் மனசுக்காகச் சொல்றீங்களா?"

நிச்சயமாகத் தெரியும் என்றேன். எத்தனை தடவை சொன்னாலும் என் சொல் அவளிடம் போய்ச் சேரவில்லை. ஒரு பொய்யை உண்மை மாதிரிச் சொன்னவள், இப்போது உண்மையைச் சொன்னால் அது பொய் மாதிரிக் கேட்டது. அவள் வீட்டுக்குப் போனால் அடுப்புக்குமேல் சீட்டு ஒட்டியிருந்தாள், "கேஸ்" என்று. கதவில் "சாவி". குளியலறையில் "தண்ணீர்". அவள் எழுத்து அழகாக இருக்கும். அந்த அழகான எழுத்தில். முன்னெல்லாம் நூபியாவோடு போனில் மல்லுக்கு நிற்பவள், இப்போது "சரிம்மா, சரிம்மா" என்கிறாள். "தினமும் பார்த்த பூவோட நிறத்தையே மாத்தி வச்சிருக்கு என் மண்டை. அதை நம்பி அடுப்பைப் பத்த வைக்கலாமா, சொல்லுங்க," என்றாள் என்னிடம், சிரித்துக்கொண்டே. நவம்பரில் வீட்டை வாடகைக்கு விடுவதாக முடிவாயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கூப்பிட்டாள். போனேன். அறை முழுக்க அட்டைப்பெட்டி. நூபியா செய்தித்தாளைக் கிழித்துத் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்கள். சாப்பாட்டு மேஜைமேல் ஜாடிகள், இருபத்திரண்டு, ஒவ்வொன்றையும் துடைத்து, அவளுடைய அழகான எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். கடைசி ஜாடியில் மட்டும் பெயர் இல்லை. மஞ்சள் பூ உதிர்ந்து, அதே இலையில் இன்னொரு மொட்டு விட்டிருந்தது.

"மெதெயின் வெக்கைக்கு இதெல்லாம் ஒரு வாரம் தாங்காது," என்றாள் எதெல்மிரா. "எல்லாம் உங்களுக்குத்தான். வேற யாருக்கும் கொடுக்க மனசில்ல. உங்க கையில எதுவும் சாகாது."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"சாகும்," என்றேன். "செத்துச்சு. எஃப்ரேனோட செடி என்கிட்டச் செத்துப் போச்சு. நான் உங்களுக்குக் கொடுத்தது சந்தையில வாங்கினது. பூ ஆரஞ்சுதான் கொமாத்ரே. நடுவுல ஊதா. நீங்க சொன்னது அத்தனையும் சரி. அன்னைக்கு நான்தான் பொய் சொன்னேன்."

நூபியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "தோன்யா ஹில்மா, வேணாம்," என்றாள் மரியாதை குறையாமல், தணிந்த குரலில். "அம்மா போறது உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். எனக்குப் புரியுது. அதுக்காக இப்படிச் சொல்லி அவங்களைக் குழப்பாதீங்க. இப்பத்தான் மனசு தேறியிருக்காங்க."

"குழப்பல, நூபியா. இது—"

"விடும்மா," என்றாள் எதெல்மிரா மகளிடம். என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். "நீங்க எனக்காக எதையும் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா. சொன்னதே போதும்."

நான் கையை உருவிக்கொண்டேன்.

"மூடியை இறுக்கிப் போட்டுட்டு வெளிய போயிட்டேன். திரையை இறக்கல. ஜன்னல் வெயில் நேரா விழுந்துச்சு. தண்டு ஏழும் நின்ன மேனிக்கே நின்னுச்சு. இலையெல்லாம் அந்தப் பக்கம் தெரியற மாதிரி, கண்ணாடி மாதிரி. தொட்டா வழுக்கிட்டு வந்துச்சு. மூடியைத் திறந்தா வெந்த வெங்காயம்."

எதெல்மிராவின் முகம் மாறியது. ஆரஞ்சை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அன்புக்காகக்கூடச் சொல்லலாம். வெந்த வெங்காயத்தை யாரும் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது. ஜாடிக்குள் செடியை வேகவைத்தவளுக்குத்தான் அந்த வாசனை தெரியும். அவளும் எப்போதோ ஒரு தடவை வேகவைத்திருப்பாள். பின்னால் கையைத் துழாவி, ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

நூபியா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், எதெல்மிரா கையைத் தூக்கவும் நிறுத்திக்கொண்டாள். வெளியே பால் லாரி ஒன்று மேட்டில் திணறி ஏறிப் போகிற சத்தம் கேட்டது. எதெல்மிரா பார்வையைத் தரையில் வைத்து, விரல் மடக்கி எதையோ பின்னோக்கிக் கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தாள். என்மேல் பாய்வாள், பெயர் சொல்லித் திட்டுவாள், நாற்காலியைத் தள்ளுவாள் என்று நான் காத்திருந்தேன். அப்படி ஒன்றுக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் குரல் வந்தபோது அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"எப்ப அது? மூடியைப் போட்டுட்டு எங்க போயிருந்தீங்க?"

அவளுக்குப் பின்னால், கதவு வழியே, அந்த ஒன்பது நாளும் நான் நின்ற அடுப்பு தெரிந்தது.

"அவர் இருக்கும்போதேவா, இல்ல போன பிறகா?"